எடையைச் சொல்ல ஏன் வெட்கம்?

தாதர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒரு காலத்தில் எடை பார்க்கும் இயந்திரம் இருந்தது நம்மில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ஏறி நின்றால் கண்ணாடிக்குள் வண்ண விளக்குகள் மினுக்கும், சக்கரம் ஒன்று சுழலும். அது நின்றதும் காசு போட்டால் ‘டக்’கென்று ஒரு சிறிய கெட்டி அட்டை வந்து விழும். அதில் நம் எடையும், கூடவே ஒரு வரி ஜோசியமும் அச்சாகியிருக்கும். ஊருக்குப் போகும் உறவினர்களை ரயிலேற்றிவிட வரும் குடும்பங்கள் அந்த இயந்திரத்தைச் சுற்றிக் கூடி நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஜோசியத்தை எல்லோரும் உரக்கப் படிப்பார்கள். எடை இருக்கும் இடத்தை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வார்கள்.

எடையைச் சொல்ல நமக்கு அப்படி ஒரு கூச்சம். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் கூச்சம், பூசினாற்போல் இருப்பவர்களுக்கும் கூச்சம். கல்யாணப் பேச்சிலும் டாக்டர் அறையிலும் நாலைந்து கிலோவை முன்னே பின்னே சொல்வதால் பெரிய நஷ்டம் ஒன்றும் வந்துவிடாது. ஆனால் பனிச்சறுக்கு விளையாடப் போகும் இடத்தில் அந்தக் கூச்சம் கூடாது. இதை என் குடும்பத்தில் ஒரு கால் முறிந்த பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன். நம் வீடுகளிலிருந்து இப்போது குளிர்காலந்தோறும் பனி பார்க்கப் போகிறவர்கள் பெருகிவிட்டதால், எனக்குத் தெரிந்ததை எழுதி வைப்பது கடமை என்று தோன்றியது.

நான் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்தவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி, 1915-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மாட்டுங்கா பெட்டிப் பழுதுபார்க்கும் பணிமனையில் கழிந்தது. ஓய்வு பெற்றபின் வடாலாவில் இருக்கிறேன். பனியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். பனியைப் பற்றி அதிகம் தெரியாதுதான். ஆனால் பாரம், ஸ்பிரிங் இவற்றோடு முப்பது வருடங்களுக்கு மேல் பழகியவன். பனிச்சறுக்குப் பலகை என்பது அடிப்படையில் ஒரு ஸ்பிரிங்தான் என்று பிறகுதான் புரிந்தது.

நடந்தது என்ன?

சில வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாதம், மகன், மருமகள், பேரன், நான், என் மனைவி ஐந்து பேரும் வடக்கே ஒரு மலை ஊருக்குப் போயிருந்தோம். எந்த ஊர், எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. யார்மேலும் குற்றம் சுமத்துவது நோக்கமல்ல. குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

வாடகைக்கு ஸ்கீ தரும் கடையில் ஒரு இளைஞன் இருந்தான். ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்த்தான். பூட்ஸ் அளவு மட்டும் கேட்டான். சுவரில் சாத்தியிருந்த பலகைகளிலிருந்து உயரத்துக்குத் தக்கபடி ஒவ்வொரு ஜோடியாக எடுத்துக் கொடுத்தான். என் மனைவி என் காதருகில், “என்னங்க, நல்லவேளை, எடை எத்தனைன்னு கேக்கலை” என்றாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மகனுக்கு எடை 92 கிலோ, உயரம் 170 சென்டிமீட்டர். அவனுக்குக் கிடைத்தது நீளம் குறைந்த, வளைந்து கொடுக்கும் பலகை. சரிவில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் பலகை உதறுகிறது, திரும்பும்போது பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகிறது என்றான். பேரனுக்கு அப்போது எட்டு வயது, எடை 24 கிலோ. அவனுக்குக் கிடைத்தது தலைக்கு மேல் நீண்ட, விறைப்பான பலகை. “தாத்தா, இது என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது” என்று அழுதான். குழந்தைக்குத் துணிச்சல் போதவில்லை என்று நாங்கள் நினைத்தோம்.

மருமகளுக்கு எடை 52 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். பலகை அவளுக்குச் சுமாராகப் பொருந்தியது. இரண்டாம் நாள் பிற்பகல், ஏறக்குறைய சமதரையான பயிற்சிச் சரிவில், நடக்கிற வேகத்தில் வந்துகொண்டிருந்தாள். இடது பலகையின் முனை இளகிய பனியில் செருகிக்கொண்டது. உடம்பு ஒரு பக்கம் திரும்பியது. பலகை திரும்பவில்லை, காலையும் விடவில்லை. “மாமா” என்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் கீழ்க்கால் எலும்பு முறுக்கி முறிந்திருந்தது.

உதவிக்கு வந்த பயிற்சியாளர், பலகையில் பூட்ஸைப் பிடித்திருக்கும் பூட்டைக் குனிந்து பார்த்தார். அதில் சிறு ஜன்னல்போல் ஓர் இடத்தில் எண் தெரியும். “இதை இவருக்கு முன்னால் யாரோ பெரிய ஆள் போட்டிருந்திருக்கிறார். பூட்ஸ் நீளத்துக்கு மட்டும் நகர்த்திக் கொடுத்திருக்கிறார்கள். பூட்டின் இறுக்கத்தை மாற்றவே இல்லை” என்றார். மருமகளுக்கு இருக்க வேண்டிய அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்ததாம்.

மும்பை திரும்பி அறுவைச் சிகிச்சை, கம்பி வைத்தல், பிறகு மாதக்கணக்கில் ஊன்றுகோல். இப்போது நன்றாக நடக்கிறாள். லோக்கல் வண்டியிலும் ஏறுகிறாள். ஆனால் ஆயுள் முழுவதும் பாரமும் ஸ்பிரிங்கும் பார்த்த நான், குனிந்து ஒரு எண்ணைப் பார்க்கத் தவறிவிட்டேன். அதன் பிறகுதான் இந்த விஷயத்தை முறையாகப் படிக்க ஆரம்பித்தேன்.

நமக்கும் பனிக்கும் என்ன?

பனிச்சறுக்கு வெள்ளைக்காரர் விளையாட்டு என்ற எண்ணம் இனிச் செல்லாது. காஷ்மீரில் குல்மார்க், உத்தராகண்டில் ஔலி, இமாசலத்தில் மணாலிக்கு அருகே சோலாங் ஆகிய இடங்களில் பல வருடங்களாகக் கற்றுத் தருகிறார்கள். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குள்ள கம்பி வடப் பெட்டியின் முதல் பகுதி 1998-லும், அஃபர்வாட் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டருக்குப் போகும் இரண்டாம் பகுதி 2005-லும் திறக்கப்பட்டன. ஔலியில் 2011-இல் முதலாவது தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகளின் பனிச்சறுக்குப் பந்தயங்கள் நடந்தன.

ஒலிம்பிக்கிலும் நம் கொடி பறந்திருக்கிறது. 1964-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சறுக்கியவர் போலந்து வம்சாவளியினரான ஜெரமி புஜகோவ்ஸ்கி. 2022-இல் பெய்ஜிங் போட்டிக்கு இந்தியாவிலிருந்து சென்ற ஒரே வீரர் காஷ்மீரைச் சேர்ந்த ஆரிஃப் கான். பனி கொட்டிய ஒரு நாளில் ‘ஜயண்ட் ஸ்லாலம்’ பந்தயத்தை முழுமையாக முடித்து 45-ஆம் இடம் பெற்றார்.

ரயில்காரனுக்கு இன்னொரு சந்தோஷமும் உண்டு. 2025 ஜூன் 6 அன்று செனாப் பாலம் திறக்கப்பட்டு, கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாலம் அது. பனி நம் வீட்டு வாசலுக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்துவிட்டது. நார்வே, ஸ்விட்சர்லாந்து, கனடாவில் இருக்கும் நம் சொந்தக்காரர்களின் பிள்ளைகளோ பள்ளிக்கூடத்திலேயே சறுக்கப் பழகிவிடுகிறார்கள்.

தண்டவாளமும் பனிப்பலகையும்

பலகை செய்யும் முதல் வேலை பாரத்தைப் பரப்புவது. நம் ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வண்டியின் ஒரு அச்சில் 22.9 டன் வரை ஏற்றுகிறோம். ஒரு சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சிறு நாணயத்தின் அளவுதான் இருக்கும். அந்தப் பாரத்தைத் தண்டவாளம் பல ஸ்லீப்பர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஸ்லீப்பர் ஜல்லிக்குக் கொடுக்கிறது. ஜல்லி மண்ணுக்குக் கொடுக்கிறது. இப்படிப் பரப்பிக்கொண்டே போவதால்தான் அவ்வளவு பெரிய வண்டி மண்ணில் புதையாமல் ஓடுகிறது.

மனிதன் பனியில் நிற்பதும் இதே கணக்குதான். 70 கிலோ எடையுள்ளவர் பூட்ஸோடு நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதம் தரையைத் தொடும் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். ஒரு காலை எடுத்து வைக்கும்போது முழு எடையும் மற்றக் காலில் இறங்கும். ஆக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 350 கிராம். இளம்பனியில் முழங்கால் வரை புதைந்துவிடுவார். அதே ஆள் 160 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு பலகைகளின்மேல் நின்றால், பனியைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 2,500 சதுர சென்டிமீட்டர். பாரம் சதுர சென்டிமீட்டருக்கு 28 கிராம்தான். பன்னிரண்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சமும் கூடவில்லை. அதனால் மிதக்கிறார்.

அதே பலகையில் 90 கிலோ எடையுள்ளவர் ஏறினால் 36 கிராம் ஆகிவிடும். முன்னவர் அளவுக்கு அவரும் மிதக்க வேண்டுமானால் பலகையின் பரப்பு கால்வாசிக்கு மேல் கூட வேண்டும். நீளத்தில் கொஞ்சம், அகலத்தில் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். குல்மார்க் மேல் சரிவுகளில் விழுவதுபோன்ற பொடிப்பனிக்கு, பாதத்தின் கீழ் 100 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள பலகைகளை விரும்புவது இதனால்தான். இயந்திரத்தால் அழுத்திச் சமன்செய்த சரிவில் புதையும் கவலை இல்லை. அங்கே 70, 80 மில்லிமீட்டர் அகலமே போதும். பக்கம் மாற்றித் திருப்புவதும் சுலபம்.

உயரத்தை மட்டும் பார்த்துப் பலகை கொடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? பழைய காலத்துப் பலகைகள் ஏறக்குறைய நேர்க்கோடாக இருந்தன. கையைத் தூக்கினால் மணிக்கட்டு எட்டும் நீளம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். வளர்ந்த ஆளுக்கு இரண்டு மீட்டர்ப் பலகை சாதாரணம். 1990-களின் முற்பகுதியில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் இடுப்பு சிறுத்து, முன்னும் பின்னும் அகன்ற பலகையைக் கொண்டுவந்தது. அது தானாகவே வளைவில் திரும்ப உதவியது. அந்தப் பாணி பரவியபின் நீளம் மோவாய்க்கும் உச்சந்தலைக்கும் நடுவே என்று குறைந்துவிட்டது. நீளம் குறையவே, ஒவ்வொரு சென்டிமீட்டரும் தாங்க வேண்டிய பாரத்துக்கு மதிப்புக் கூடியது. இப்போது உயரம் என்பது தொடக்கக் கணக்கு மட்டுமே. எடையையும் திறமையையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

பலகை ஒரு ஸ்பிரிங்

இரண்டாவது விஷயம் விறைப்பு. ஒரு ஜோடி ஸ்கீயின் அடிப்பக்கங்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். பல வகைகளில் முனைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு நடுவில் இடைவெளி தெரியும். பழைய நாலுசக்கர வேகன்களில் பட்டைப் பட்டையாக அடுக்கிய வில் ஸ்பிரிங் பார்த்திருப்பீர்கள். அதே வளைவுதான் இது. ஆள் ஏறி நின்றதும் வளைவு அமுங்கி, பலகை முழு நீளத்துக்கும் பனியில் படிய வேண்டும். திரும்பும்போது இன்னும் அமுங்கி எதிர்ப்பக்கமாக வளைய வேண்டும். அந்த வளைவின்மேல்தான் பலகை திரும்புகிறது.

ஆள் மிக லேசாக இருந்து பலகை மிக விறைப்பாக இருந்தால், நடுப்பகுதி பனியில் சரியாகப் படியாது. எவ்வளவு முயன்றாலும் பலகை வளையாது, திரும்பாது. என் பேரனுக்கு நேர்ந்தது அதுதான். குறை குழந்தையிடம் இல்லை. 24 கிலோ எடையால் அந்த ஸ்பிரிங்கை அமுக்க முடியவில்லை. மறுநாள் பயிற்சியாளர் மோவாய்க்குக் கீழே நிற்கும் மெத்தென்ற பலகையை மாற்றிக் கொடுத்தபோது, அதே பையன் பத்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டு வந்தான்.

எடை அதிகமாகவும் பலகை தொய்வாகவும் இருந்தால் எதிர்மாறாக நடக்கும். பலகை தேவைக்கு மேல் வளையும், முனையும் வாலும் பிடிப்பை இழக்கும், வேகத்தில் உதறும். திரும்பும்போது பாரம் இன்னும் கூடும் என்பதையும் மறக்கக்கூடாது. 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் பலகை உணரும் பாரம் நம் எடையைப்போல 1.4 மடங்கு. 92 கிலோ எடையுள்ள என் மகன் அந்தக் கணத்தில் கிட்டத்தட்ட 130 கிலோவாக அழுத்துகிறான். பலகை உதறாமல் என்ன செய்யும்?

பணிமனையில் இது எங்களுக்குத் தினசரிப் பாடம். 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எஃப். தொழிற்சாலை 2018 வரை தயாரித்த பழைய வகைப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பெட்டிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் கீழே இருக்கும் போகி பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்று 13 டன் அச்சுக்கானது, மற்றது 16.25 டன் அச்சுக்கானது, ஸ்பிரிங்குகள் வேறு. இதை அதில் மாட்டிவிட்டால் பெட்டி தாழ்ந்து உட்கார்ந்துகொள்ளும், அல்லது குலுக்கி எடுத்துவிடும். ஒரே வகை ஸ்பிரிங்கைக்கூடப் பாரம் வைத்து அமுக்கிப் பார்த்து, உயரத்தின்படி மஞ்சள், நீலம், பச்சை என்று நிறம் பூசிப் பிரிப்போம். ஒரே நிறத்தைத்தான் ஒரு போகியில் சேர்ப்போம். இரும்புப் பெட்டிக்கு இவ்வளவு பார்த்தவர்கள், நம் குழந்தையின் காலுக்குப் பார்க்க வேண்டாமா?

காகிதச் சோதனை

எடைக்கும் பலகைக்கும் உள்ள உறவைத் தெளிவாகக் காண வேண்டுமானால் நார்வேயில் பிரபலமான சமதரைச் சறுக்கைப் பார்க்க வேண்டும். மலையிலிருந்து இறங்குவது அல்ல, காட்டுப் பாதையில் உந்தி உந்திப் போவது. அந்தப் பலகையின் நடுப்பகுதியில் பனியைப் பற்றிக்கொள்ள ஒருவகை மெழுகு தடவுவார்கள், அல்லது செதில்போன்ற அமைப்பு இருக்கும். வழுக்கிப் போகும்போது அந்த நடுப்பகுதி பனியைத் தொடக்கூடாது. ஒரு காலால் உந்தும்போது மட்டும் தொட்டுப் பற்ற வேண்டும்.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. சமமான தரையில் இரு பலகைகளின்மேலும் நின்று, எடையை இரண்டிலும் சமமாக வைக்க வேண்டும். ஒருவர் பாதத்தின் கீழே மெல்லிய காகிதத் துண்டை நுழைத்து முன்னும் பின்னும் இழுத்தால் அது தாராளமாக நகர வேண்டும். பிறகு முழு எடையையும் ஒரே பலகைக்கு மாற்றினால் காகிதம் அப்படியே மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு காலில் நிற்கும்போதே மாட்டிக்கொண்டால் பலகை உங்களுக்குத் தொய்வு. ஒரு காலில் நின்றும் நகர்ந்தால் உங்களுக்கு அது விறைப்பு. உயரம், வயது, அனுபவம் எதையும் காகிதம் கேட்பதில்லை; எடையை மட்டுமே கேட்கிறது. ஓஸ்லோவில் மகளோ மருமகனோ இருக்கும் வாசகர்கள், அங்கே போகும்போது இதைச் செய்து பார்க்கலாம்.

காலைக் காக்கும் பூட்டு

இதுவரை சொன்னது விளையாட்டு நன்றாக அமைவதற்கு. இனிச் சொல்லப் போவது எலும்பு தப்புவதற்கு.

பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பூட்டுக்கு ‘பைண்டிங்’ என்று பெயர். அதற்கு இரண்டு வேலைகள். சாதாரண நேரத்தில் காலை விடாமல் பிடித்திருக்க வேண்டும். கால் முறியும் அளவுக்கு முறுக்கம் வந்தால் விட்டுவிட வேண்டும். முன்பக்கப் பூட்டு பக்கவாட்டு முறுக்கத்துக்கும், குதிகால் பூட்டு முன்னால் கவிழும்போது ஏற்படும் இழுப்புக்கும் விடுபடும். நம் வீட்டு மின்சார ஃபியூஸ்போலத்தான். இருக்க வேண்டியதைவிடத் தடித்த கம்பியைப் போட்டுவிட்டால் ஃபியூஸ் போகாது, வீட்டு வயரிங்தான் எரியும்.

எந்த அளவில் விட வேண்டும் என்பதற்கு உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட ஒரு அட்டவணை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 11088 என்ற தரநிலை அது. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், சறுக்கும் பாணி ஆகிய ஐந்தும் அதற்குத் தேவை. எடையை ஏன் கேட்கிறார்கள்? எலும்பு எவ்வளவு முறுக்கம் தாங்கும் என்பதை உத்தேசமாகக் காட்டும் அளவு அது. ஜெர்மனியில் முழங்காலுக்குக் கீழே எலும்பின் தலைப்பகுதியையே அளந்து பூட்டைப் பொருத்தும் முறையும் கையாளப்பட்டது. பூட்ஸின் நீளம் நெம்புகோலின் நீளம். நீண்ட பூட்ஸுக்குக் குறைந்த எண்ணே போதும்.

அட்டவணையில் எடை வரிசைகள் 49 முதல் 57 கிலோ, 58 முதல் 66, 67 முதல் 78, 79 முதல் 94 என்று போகும். அவற்றுக்கு நேரே உயரங்கள் 149 முதல் 157 சென்டிமீட்டர், 158 முதல் 166, 167 முதல் 178, 179 முதல் 194 என்று இருக்கும். எடை ஒரு வரிசையிலும் உயரம் வேறு வரிசையிலும் விழுந்தால், இரண்டில் எது சிறிய அளவோ அந்த வரிசையை எடுக்க வேண்டும்.

என்னையே உதாரணமாகச் சொல்கிறேன். எடை 74 கிலோ, உயரம் 162 சென்டிமீட்டர். எடையின்படி 67–78 வரிசை. உயரத்தின்படி அதற்கு முந்தையது. ஆகவே முந்தையதையே எடுக்க வேண்டும். ஐம்பது வயது ஆகிவிட்டதால் இன்னும் ஒரு வரிசை குறையும். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் இதே சலுகை உண்டு. ஆக, தொப்பையோடு கனமாகத் தெரியும் எனக்கு, 49–57 கிலோ வரிசைக்கு உரிய இறுக்கம்தான் வைக்க வேண்டும். கண்ணால் பார்த்து மதிப்பிடும் கடைக்காரர் இதைச் செய்ய முடியுமா? என் எலும்பின் வயது அவர் கண்ணுக்குத் தெரியாது.

சறுக்கும் பாணியில், பயந்து மெதுவாகப் போகிறவர் முதல் வகை. வேகமாகவும் துணிச்சலாகவும் போகிறவர் மூன்றாம் வகை. நடுவில் இருப்பவருக்கு ஒரு வரிசையும், மூன்றாம் வகையினருக்கு இரண்டு வரிசைகளும் கூடும். புதிதாகப் போகும் நாம் எல்லோரும் முதல் வகைதான். ரோஷப்பட்டுக்கொண்டு “நான் நன்றாகச் சறுக்குவேன்” என்று சொல்ல வேண்டாம். எடையைக் குறைத்துச் சொன்னாலும் ஆபத்து உண்டு. பூட்டு தேவையில்லாத நேரத்தில் கழன்று, வேகமாகப் போகும்போது பலகை காலை விட்டுப் போய்விடலாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பூட்டைச் சரியாக வைத்தால் எல்லாக் காயமும் வராது என்பதில்லை. கீழ்க்கால் எலும்பு முறிவையும் கணுக்கால் முறிவையும் தடுப்பதில் அது பெரிய உதவி. முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் தசைநார் அறுவதை அது அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. என் மருமகளுக்கு நேர்ந்தது முதல் வகை. வேகமே இல்லாத, மெதுவான, முறுக்கிக்கொண்ட விழுகை. பூட்டு தடுக்க வேண்டிய காயம் அதுதான்.

போகும் முன் செய்ய வேண்டியவை

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே ஒவ்வொருவரின் எடையையும் உயரத்தையும் வயதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பார்த்த எடையாக இருக்கட்டும், போன தீபாவளி எடையாக வேண்டாம். குழந்தைகள் ஆறு மாதத்தில் ஒரு வரிசை தாண்டிவிடுவார்கள்.

கடையில் முதலில் பூட்ஸைத் தேர்ந்துகொள்ளுங்கள். பூட்ஸின் பக்கவாட்டில் அடிப்பாக நீளம் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அதையும் தாளில் எழுதுங்கள்.

பலகையின் நீளத்துக்கு, மோவாய் முதல் உச்சந்தலை வரை என்பது வளர்ந்தவர்களுக்குப் பொதுக் கணக்கு. புதியவராகவும் எடை குறைந்தவராகவும் இருந்தால் மோவாய்ப் பக்கம் வாருங்கள். எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் மேலே போங்கள். குழந்தைகளுக்கு மார்புக்கும் மோவாய்க்கும் நடுவே இருந்தால் போதும். “வளர்ந்துவிடுவான், பெரியதாகக் கொடுங்கள்” என்று ஸ்கூல் யூனிஃபார்ம் வாங்குவதுபோல வாங்கக்கூடாது.

பலகையைத் தரையில் ஊன்றி நடுவில் கையால் அழுத்திப் பாருங்கள். லேசான ஆளுக்கு லேசாக வளைய வேண்டும். கனமான ஆளுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் காட்ட வேண்டும்.

கடைசியாக, பூட்டில் உள்ள எண்ணைக் குனிந்து பாருங்கள். இரண்டு பலகைகளிலும், முன்னும் பின்னும், மொத்தம் நாலு இடம். இந்தத் தாளைக் காட்டி, அட்டவணையைப் பார்த்து வைத்தீர்களா என்று கேளுங்கள். நீங்களே திருப்பி மாற்ற வேண்டாம். பழகியவர் கையால் செய்ய வேண்டிய வேலை அது. அட்டவணை இல்லாத கடையாக இருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள். குடும்பத்துக்குள் “உன்னுடையதை நான் போட்டுப் பார்க்கிறேன்” என்று பலகையை மாற்றிக்கொள்ளவும் வேண்டாம்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஆளுக்குத் தக்க பலகை என்பதும் அதேதான். கனமாக இருப்பது குற்றமும் இல்லை, லேசாக இருப்பது பெருமையும் இல்லை. 13 டன் பெட்டியைவிட 16.25 டன் பெட்டி எந்த விதத்திலும் தாழ்ந்ததில்லை. ஸ்பிரிங்தான் வேறு.

நம் சங்கக் குடும்பங்கள் சேர்ந்து பனிப் பிரதேசங்களுக்குப் போகும்போது பெயர்ப் பட்டியல் தயாரிக்கிறார்கள். பெயர், வயது, சாப்பாடு சைவமா அசைவமா என்று மூன்று பத்திகள் இருக்கும். இன்னும் மூன்று பத்திகள் சேர்க்கும்படி பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: எடை, உயரம், பூட்ஸ் அடிநீளம். எடைப் பத்தியை மற்றவர் பார்க்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் தனித் துண்டுச் சீட்டில் எழுதிப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிடலாம்.

என் வீட்டுக் கூடத்தில் இப்போது ஒரு எடை பார்க்கும் கருவி இருக்கிறது. வடாலாப் பக்கம் இருப்பவர்கள், பனிக்குப் போகும் முன் வந்து ஏறிப் பார்க்கலாம். காசு போட வேண்டாம், காபி உண்டு. சென்ற மாதம் முதலில் ஏறியவள் என் மனைவிதான். எண்ணைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். அடுத்து மருமகள் ஏறி, அவளும் சொன்னாள். வரும் ஜனவரியில் மறுபடி பனிக்குப் போகலாமா என்று அவளே கேட்டிருக்கிறாள். போவதாக இருக்கிறோம். இந்த முறை தாள் என் சட்டைப் பையில் இருக்கும்.